பெயருள்ள முகமும் பெயரில்லாத முகங்களும்: டு பாய்ஸ் உருவப்படங்கள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸின் ஒரு படத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். பெயர் நினைவில் இல்லாமல் போயிருக்கலாம். ஏறிய நெற்றி, முனை முறுக்கிய மீசை, கூராகக் கத்தரித்த சிறு தாடி, இருண்ட கோட்டு, வெள்ளைக் காலர். சமூகவியல் பாடப்புத்தகம், கருத்தரங்கு அழைப்பிதழ், நினைவு நாள் பதிவு என்று எங்கே போனாலும் அதே படம்தான். எடுத்தவர் கார்னீலியஸ் மேரியன் பேட்டி என்ற கறுப்பினப் புகைப்படக்காரர். எடுத்த ஆண்டு? ஓரிடத்தில் 1918, இன்னோரிடத்தில் 1919.

ஒரு வருஷ வித்தியாசம்தானே, போகட்டும் என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த 1919 எங்கிருந்து வந்தது என்று பின்தொடர்ந்தால் கதை மாறுகிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் குறிப்பில் இருப்பது பதிப்புரிமை ஆண்டு. ஆண்டுக்கு முன்னால் 'சி' என்று ஒரு சின்ன எழுத்து இருக்கும்; உரிமை பதிவான ஆண்டு என்று அதற்குப் பொருள். கேமராவின் ஷட்டர் எப்போது திறந்து மூடியது என்பதை அது சொல்லாது. படத்தை எடுத்து, கொஞ்ச காலம் வைத்திருந்து, விற்கலாம் என்று தோன்றும்போது பதிவு செய்வது அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்களுக்குச் சாதாரண விஷயம். படத்தை எடுத்துப் போடுகிறவர் 'சி'யை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார். அவரைப் பார்த்து அடுத்தவர் எழுதுகிறார். நாலு கை மாறியபின் அது '1919ல் எடுத்த படம்' என்று உறுதியாகிவிடுகிறது.

ஒரு அறிஞரின் உருவப்படத்துக்குக் கீழே உள்ள இரண்டு வரிக் குறிப்பு எப்படி உருவாகிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் இங்கே நான் எடுத்துக்கொண்ட கேள்வி. அதற்கு டு பாய்ஸைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம். ஏனென்றால் அவர் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தவர் மட்டும் இல்லை, புகைப்படத்தைச் சமூகவியல் சான்றாகக் கையில் எடுத்தவரும்கூட.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சுக்காரர்களைப் போல 'டு புவா' என்று உச்சரிப்பவர்கள் உண்டு. அவருக்கே அது பிடிக்காது. 'டு பாய்ஸ்', அதுவும் கடைசி அசையில் அழுத்தம் கொடுத்து, என்று கடிதம் எழுதித் திருத்தியிருக்கிறார்.

படங்கள் இருக்கும் இடம்

டு பாய்ஸ் 1868 பிப்ரவரி 23 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பேரிங்டனில் பிறந்தார். 1963 ஆகஸ்ட் 27 அன்று கானாவின் அக்ராவில் இறந்தார். 95 வருஷ வாழ்க்கை. கேமரா ஸ்டுடியோவுக்குள் முடங்கிக் கிடந்த காலத்தில் தொடங்கி, பத்திரிகைக்காரர்கள் ஃபிளாஷ் அடித்துக்கொண்டு துரத்திய காலம் வரை நீள்கிறது. அதனால் படங்களும் ஒரே மாதிரியானவை இல்லை.

பெரும் பகுதி மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆமெர்ஸ்ட் வளாக நூலகத்தில் இருக்கிறது. தொகுப்பு எண் 312. டு பாய்ஸ் 1961ல் கானாவுக்குக் கிளம்பும்போது தம் காகிதங்களை வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் ஆப்தேக்கரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அவை புரூக்ளினில் ஆப்தேக்கர் வீட்டு நிலவறையில் வருஷக்கணக்கில் கிடந்தன. 1973ல் டு பாய்ஸின் இரண்டாவது மனைவி ஷெர்லி கிரஹாமிடமிருந்து பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. இந்த வரலாறு படங்களைப் படிக்கவும் உதவுகிறது. ஆமெர்ஸ்ட் படங்கள் ஒருவர் தமக்காக வைத்துக்கொண்டவை: குடும்பப் படம், வகுப்புப் படம், நண்பர்கள் கொடுத்தது, யாரோ அனுப்பியது. காங்கிரஸ் நூலகப் படங்கள் பதிப்புரிமைக்காகவோ தொகுப்பு வாங்கியதாலோ வந்து சேர்ந்தவை. ஒரே முகம்தான், ஆனால் ஒன்று வீட்டு அலமாரியிலிருந்து வந்தது, மற்றது அலுவலகக் கோப்பிலிருந்து வந்தது. முதல் வகையில் தேதி பெரும்பாலும் ஞாபகத்திலிருந்து எழுதப்படும். இரண்டாவது வகையில் தேதி துல்லியமாக இருக்கும், ஆனால் அது எதனுடைய தேதி என்று கேட்க வேண்டியிருக்கும்.

வாலிப காலம்

இதில் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. தாய் மேரி சில்வினாவுடன் கைக்குழந்தையாக ஒரு படம். 1884ல் உயர்நிலைப் பள்ளி முடித்த வகுப்போடு ஒன்று, 1888ல் ஃபிஸ்க் பல்கலைக்கழக வகுப்போடு ஒன்று. 1890ல் ஹார்வர்டு பட்டமளிப்பு நாளில் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களோடு ஒன்று. அந்தக் கடைசிப் படத்தில் அவர் ஒருவரே கறுப்பர். அன்று அவர் பேச எடுத்துக்கொண்ட தலைப்பு, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ். படத்தை மட்டும் பார்த்தால் ஒழுங்காகத் தலைவாரிய மாணவர்கள் வரிசை, அவ்வளவுதான். என்ன பேசப்பட்டது என்று தெரிந்தபின் அதே வரிசை வேறாகத் தெரிகிறது.

வகுப்புப் படங்களில் ஒரு சௌகரியம் உண்டு. தேதி சந்தேகம் வராது; வகுப்பு எந்த ஆண்டு முடிந்தது என்று பல்கலைக்கழகப் பதிவேடே சொல்லிவிடும். ஒருவர் தனியாக ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட படத்துக்குத்தான் அந்த ஆதரவு இல்லை.

அப்படிப்பட்ட படங்களில் முகத்தை வைத்துத் தேதி சொல்ல முயல்வார்கள். டு பாய்ஸ் விஷயத்தில் மீசை, தாடி கைகொடுக்காது. 1892 முதல் 1894 வரை பெர்லினில் படித்தபோது ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்லியமின் பாணியில் மீசை தாடியைக் கத்தரித்துக்கொண்டதாகவும், பிற்காலத்திலும் அதையே தொடர்வதாகவும் அவரே எழுதியிருக்கிறார். மனிதர் சொன்னபடியே செய்தார். முப்பது வயதுப் படத்திலும் ஐம்பது வயதுப் படத்திலும் அதே மீசைதான். வயதைக் காட்டிக்கொடுப்பது நெற்றிதான். முடி எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் காலரின் வெட்டைப் பாருங்கள். மீசையை விட்டுவிடுங்கள்.

1898: மூவர் இருக்கும் படம்

டு பாய்ஸ், மனைவி நீனா, குழந்தை பர்கார்ட் என மூவரும் இருக்கும் குடும்பப் படம் ஒன்று ஆமெர்ஸ்ட் தொகுப்பில் இருக்கிறது. ஆண்டு 1898. இங்கே தேதி ஊகம் இல்லை, வாழ்க்கையே எல்லை போட்டுக் கொடுத்திருக்கிறது. பர்கார்ட் பிறந்தது 1897 அக்டோபரில். தொண்டை அடைப்பான் நோயில் இறந்தது 1899 மே மாதம் அட்லாண்டாவில். இரண்டு வயது நிறையவில்லை. அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் படம் எடுக்கப்பட்டிருக்க முடியும்.

குழந்தையை ஜார்ஜியா மண்ணில் புதைக்க மனம் வராமல் கிரேட் பேரிங்டனுக்கே கொண்டுபோனார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன், 1899 ஏப்ரலில், அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை ஒரு கூட்டம் உயிரோடு எரித்துக் கொன்றது. டு பாய்ஸ் ஒரு நாளிதழ் அலுவலகத்துக்கு நிதானமான ஒரு விளக்கம் எழுதி எடுத்துக்கொண்டு நடந்துபோனார். வழியில், ஹோஸின் விரல் மூட்டுகள் ஒரு கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு அப்படியே திரும்பிவிட்டார். மனிதர்களை அடித்துக் கொல்லும் ஊரில் அமைதியான, பற்றற்ற விஞ்ஞானியாக இருக்க முடியாது என்று அந்த நாளைப் பற்றிப் பின்னர் எழுதினார்.

இதையெல்லாம் இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. அதே 1899ல்தான் ஃபிலடெல்ஃபியா நகரத்துக் கறுப்பின மக்கள் பற்றிய அவருடைய பெரிய கள ஆய்வு நூலாக வந்தது. அதே ஆண்டின் இறுதியில் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கான வேலை ஆரம்பித்தது. மகனை இழந்த சில மாதங்களில் ஒரு தகப்பன் நூற்றுக்கணக்கான மனிதர்களின் புகைப்படங்களைத் திரட்டுகிறார். அதில் குழந்தைகள் படமும் இருக்கிறது.

பாரிஸ், 1900

1900 பாரிஸ் கண்காட்சியில் அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. ஏற்பாட்டாளர் தாமஸ் காலவே. புத்தகங்களைத் திரட்டியவர் காங்கிரஸ் நூலகத்தின் டேனியல் மரே. ஜார்ஜியா மாநிலம் பற்றிய பகுதி டு பாய்ஸின் பொறுப்பு. அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து கையால் வரைந்த வண்ண வரைபடங்களை இன்று பலருக்கும் தெரியும். வடிவமைப்பாளர்கள் அவற்றைக் கொண்டாடுகிறார்கள். ஆல்பங்களுக்கு அவ்வளவு புகழ் கிடைக்கவில்லை. நான்கு ஆல்பங்கள், மொத்தம் 363 படங்கள். மூன்று தொகுதிகளின் தலைப்பு 'ஜார்ஜியாவின் அமெரிக்க நீக்ரோ மாதிரிகள்' என்ற பொருள்படும். நான்காவது, ஜார்ஜியாவில் அவர்களின் வாழ்க்கை. 'நீக்ரோ' அந்தக் காலத்துச் சொல், அவர் மதிப்போடு பயன்படுத்திய சொல். 'மாதிரி' என்ற சொல்தான் நம்மை உறுத்த வேண்டும்.

ஏன் உறுத்த வேண்டும்? அந்த ஆல்பங்களில் ஒரே ஆளின் இரண்டு படங்கள் அருகருகே வருவதைப் பல பக்கங்களில் பார்க்கலாம். ஒன்றில் முகம் நேராக, மற்றதில் பக்கவாட்டில். இந்த ஜோடியை அன்றைய பார்வையாளர் இரண்டு இடங்களில் ஏற்கெனவே பார்த்திருப்பார். ஒன்று காவல் நிலையம். பாரிஸ் போலீஸில் வேலை பார்த்த அல்ஃபோன்ஸ் பெர்டியோன் 1880களில் ஒழுங்குபடுத்திய குற்றவாளிப் படம் இதே நேர்முக, பக்கமுக ஜோடிதான். மற்றது 'இன விஞ்ஞானம்'. 1850ல் ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாஸிக்காக ஜோசப் ஸீலி தென் கரோலினாவில் அடிமைகளாக இருந்த ஏழு பேரை ஆடை களைந்து நிறுத்தி எடுத்த வெள்ளித் தகட்டுப் படங்கள் அந்த வகை. மனித இனங்கள் தனித்தனியாகத் தோன்றின என்று காட்டுவது அகாஸியின் நோக்கம்.

டு பாய்ஸ் அதே கட்டமைப்பை எடுத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றினார். அவருடைய ஆல்பத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நல்ல கோட்டு, லேஸ் வைத்த ரவிக்கை, ப்ரூச், மூக்குக் கண்ணாடி என்று தங்கள் விருப்பப்படி உடுத்தி ஸ்டுடியோவுக்கு வந்தவர்கள். சிலருடைய தோல் மிக வெளுப்பு, தலைமுடி நேர். பார்த்தவுடன் 'இவர் எப்படிக் கறுப்பினம்?' என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி எழ வேண்டும் என்பதே அவர் எண்ணம் என்று நினைக்கிறேன். இந்த முகங்கள் அமெரிக்கர்களின் வழக்கமான எண்ணத்தோடு பொருந்த மாட்டா என்று அந்த ஆண்டே ஒரு கட்டுரையில் அவர் சொல்லியிருக்கிறார். இனம் கண்ணுக்குத் தெரியும் உண்மை என்பவர்களிடம் 'சரி, இதோ பாருங்கள்' என்று 363 படங்களை நீட்டுகிறார். வாதம் எதுவும் எழுதவில்லை.

இதுவரை எல்லோரும் ஒப்புக்கொள்வதுதான். எனக்கு இடறும் இடம் அடுத்து வருகிறது. ஆல்பத்தில் அந்த மனிதர்களின் பெயர்கள் இல்லை.

காங்கிரஸ் நூலகத்தில் ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு வேண்டும். தலைப்பு இல்லாத படத்துக்கு நூலகரே ஒன்று வைத்து, அது தாம் வைத்தது என்று தெரிவிக்கச் சதுர அடைப்புக்குள் போடுவார். அது தொழில் நேர்மை. ஆகவே இந்த ஆல்பங்களின் பட்டியலைப் புரட்டினால் இப்படியே வரும்: [ஆப்பிரிக்க அமெரிக்க இளம்பெண், தலை தோள் அளவு, முகம் நேராக]. அடுத்தது: [ஆப்பிரிக்க அமெரிக்க ஆண், அரையளவு, முகம் சற்று வலப்பக்கம்]. திரையில் உருட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தலைப்புகள் எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன. முகங்கள் மட்டும் ஒன்றாகவில்லை. ஒரு பெண் உதட்டை லேசாக அழுத்திக்கொண்டிருக்கிறாள், ஒரு பையனின் காலர் ஒரு பக்கம் ஏறியிருக்கிறது.

பெயரை எழுதாமல் விட்டதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். 'மாதிரி' என்று வாதிட வேண்டுமானால் தனி ஆள் பின்னுக்குப் போக வேண்டும். பெயர் போட்டால் 'இவர் விதிவிலக்கு' என்று தட்டிக்கழித்துவிடுவார்கள். இன்னொன்று பாதுகாப்பு. சாம் ஹோஸ் கொல்லப்பட்டு ஓராண்டுதான் ஆகிறது. ஜார்ஜியாவில் வசதியாக வாழும் கறுப்பினக் குடும்பங்களின் பெயர், முகத்தோடு ஒரு பட்டியல் தருவது நல்லதா என்று யாரும் யோசிக்கலாம். இது என் ஊகம், அவர் எழுதிவைத்த காரணம் இல்லை.

ஆனால் பெயர் இருந்தால் மரியாதை, இல்லாவிட்டால் அவமரியாதை என்று சுலபமாக முடிவுகட்டவும் முடியவில்லை. அகாஸியின் தகட்டுப் படங்கள் 1976ல் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகப் பரணில் கண்டெடுக்கப்பட்டபோது, அவற்றில் ஒட்டியிருந்த சீட்டுகளில் பெயர்கள் தெளிவாக இருந்தன. ரென்டி, டீலியா, ஜாக், ட்ரானா. கூடவே எந்தத் தோட்டம், எந்த முதலாளி, ஆப்பிரிக்காவில் எந்த இனம். அங்கே பெயர் என்பது சரக்குச் சீட்டு. (ரென்டியின் வம்சாவளி என்று சொல்லி ஒரு பெண்மணி 2019ல் ஹார்வர்டு மீது வழக்குப் போட்டார், 2025ல் உடன்பாடு ஏற்பட்டுப் படங்கள் பல்கலைக்கழகத்தின் கையைவிட்டுப் போயின. அந்தச் சீட்டில் பெயர் இல்லாமல் இருந்திருந்தால் அந்த வழக்கே எழுந்திருக்காது.) அவமதிக்க எடுத்த படத்தில் பெயர் இருக்கிறது, மதிப்போடு எடுத்த படத்தில் இல்லை. ஆவணக் காப்பகத்தில் இதைவிட விசித்திரமான ஜோடி எனக்குத் தெரியாது.

எடுத்தவர்களின் பெயரும் ஆல்பத்தில் இல்லைதான். அவர்களில் ஒருவர் அட்லாண்டாவின் தாமஸ் ஆஸ்க்யூ என்று பின்னால் அடையாளம் கண்டார்கள். சம்மிட் அவென்யூவில் அவர் வீடு. இசைக் கருவிகளோடு ஆறு இளைஞர்கள் இருக்கும் ஒரு படம் அந்த ஆல்பத்தில் உண்டு. ஆஸ்க்யூவின் ஐந்து மகன்களும் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனும்தான் அது. 'மாதிரி' என்று பாரிஸுக்குப் போன படம், உண்மையில் ஒரு ஸ்டுடியோக்காரர் தம் பிள்ளைகளை ஆசையாக எடுத்து வைத்தது.

அதே சமயத்தில் கண்காட்சியில் டு பாய்ஸே நிற்கும் படம் ஒன்று ஆமெர்ஸ்டில் இருக்கிறது. தலையில் உயரத் தொப்பி, கச்சிதமான உடை. கப்பலில் மிக மலிவான வகுப்பில் பயணம் செய்து வந்தவர் என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. இந்தப் படத்தில் மட்டும் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

திரைக்கு முன்னால்

பாஸ்டன் ஸ்டுடியோக்காரர் ஜேம்ஸ் பர்டி எடுத்த உருவப்படம் பேட்டியின் படத்துக்கு அடுத்தபடி புழக்கத்தில் உள்ளது. அதற்கும் 1904, 1907 என்று இரண்டு ஆண்டுகள் சொல்லப்படுகின்றன. மூன்று வருஷ வித்தியாசம். இங்கே அது சின்ன விஷயம் இல்லை. 1903ல் அவருடைய புகழ்பெற்ற கட்டுரைத் தொகுப்பு வந்தது. 1905 ஜூலையில் கறுப்பின மக்களின் சம உரிமைக்காக அவரும் சிலரும் சேர்ந்து ஆரம்பித்த நயாகரா இயக்கம் தொடங்கியது. 1906 செப்டம்பரில் அட்லாண்டாவில் இனக் கலவரம். 1904 என்றால் நூலாசிரியரின் படம். 1907 என்றால் கலவரத்தைப் பார்த்துவிட்டு வந்த போராளியின் படம். அந்தக் கண்களில் கோபம் தெரிகிறது, களைப்பு தெரிகிறது என்று எழுதுகிறவர்கள் எந்த ஆண்டை வைத்து எழுதுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆண்டைப் படித்துவிட்டுத்தான் நாம் முகத்தைப் படிக்கிறோம்.

நயாகரா இயக்கத்தின் நிறுவனர்கள் இருக்கும் குழுப் படமும் இதே பாடம்தான், கொஞ்சம் வேடிக்கையாக. பின்னால் நயாகரா அருவி கொட்டுகிறது. முன்னால் கோட்டு சூட்டில் ஆண்கள் வரிசையாக. டு பாய்ஸ் வெள்ளைத் தொப்பியோடு. அருவி நிஜம் இல்லை, படப் பின்னணி. கூட்டம் நடந்ததும் அருவிக் கரையில் இல்லை, கனடாப் பக்கம் ஃபோர்ட் எரியில். அதற்காகப் படம் பொய் என்று சொல்ல வரவில்லை. தங்கள் இயக்கத்துக்கு எந்த அடையாளம் வேண்டும் என்று அவர்களே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

பேட்டியும் கறுப்புத் தோலும்

திரும்பவும் முதல் படத்துக்கு வருவோம். பேட்டி 1916 முதல், அலபாமாவில் கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த டஸ்கீகி கல்வி நிறுவனத்தின் புகைப்படத் துறைக்குத் தலைவர். டஸ்கீகி யாருடையது? கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் கட்டியெழுப்பியது, டு பாய்ஸ் பத்தாண்டுக்கு மேல் யாரோடு எழுத்துப் போர் நடத்தினாரோ, அவருடையது. வாஷிங்டன் 1915ல் இறந்துவிட்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்குள் டு பாய்ஸின் மிகப் பிரபலமான படத்தை எடுக்கிறவர் டஸ்கீகி ஆள். படத்துக்குக் கீழே 'புகைப்படம்: பேட்டி' என்று மட்டும் போட்டால் இது எதுவும் தெரியாது.

தொழில்நுட்பமும் இதில் ஒரு பாத்திரம். அன்றைய கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு நன்றாக எதிர்வினை செய்யும், சிவப்புக்குக் கிட்டத்தட்ட எதுவும் செய்யாது. பழுப்புத் தோலின் இதமான சிவப்புச் சாயல் தகட்டில் பதியாமல் இருண்டுபோகும். வெள்ளைத் தோலுக்குப் பழகிய ஸ்டுடியோக்காரர் அதே வெளிச்சத்தை வைத்தால் கறுப்பு முகம் கருங்கல்லாக வரும். அப்புறம் நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்து சரிக்கட்டப் பார்ப்பார். தோலின் நயம் போய்விடும். 1923ல் டு பாய்ஸ் தாம் ஆசிரியராக இருந்த 'கிரைசிஸ்' இதழில் இதைத்தான் எழுதினார்: சராசரி வெள்ளைப் புகைப்படக்காரருக்குக் கறுப்புத் தோலைக் கையாளத் தெரியாது, கற்றுக்கொள்ளும் விருப்பமும் கிடையாது, நம் இளைஞர்கள் ஏன் இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது? இதை எழுதியவர் எத்தனை ஸ்டுடியோக்களில் உட்கார்ந்து, வந்த பிரிண்ட்டைப் பார்த்து முகம் சுளித்திருப்பார்!

பேட்டியின் பிரிண்ட்டை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். வெளிச்சம் நெற்றியில் விழுந்து கன்னத்தில் மெல்ல இறங்குகிறது. இருட்டுக்குள்ளும் தோலின் படிநிலைகள் பிரிந்து தெரிகின்றன. இன்று இணையத்தில் சுற்றும் பிரதிகளில் பாதிக்கு மேல் கான்ட்ராஸ்ட் ஏற்றப்பட்டு இந்த வேலையெல்லாம் அழிந்துபோய், ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு என்று நிற்கிறது. இதுபோதாதென்று இப்போது கணினி வண்ணமும் பூசுகிறது. நிறக்கோடுதான் இருபதாம் நூற்றாண்டின் பிரச்சினை என்று எழுதிய மனிதருடைய தோல் நிறத்தை ஒரு மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. ஆராய்ச்சிக்கு அந்தப் படங்களைத் தொடக் கூடாது.

ஜூலை 1946

கார்ல் வான் வெக்டன் எழுத்தாளர். 1930களிலிருந்து 1960கள் வரை அமெரிக்கக் கலைஞர்கள், எழுத்தாளர்கள் பலரைத் தம் விருப்பத்துக்காகப் படம் எடுத்தவர். அவர் எடுத்த டு பாய்ஸ் படத்தின் தேதி 1946 ஜூலை 18. ஆண்டு, மாதம், நாள், மூன்றும் துல்லியம். வான் வெக்டன் படங்களில் இது வழக்கம். ஒவ்வொன்றும் எடுத்த நாளோடு பதிவாகியிருக்கும். டு பாய்ஸுக்கு அப்போது 78 வயது.

துல்லியமான தேதி இருந்தால் என்ன கிடைக்கும்? அதே 1946 ஜூலையில் ஆமெர்ஸ்ட் தொகுப்பில் இன்னொரு காகிதம் இருக்கிறது. பி. ஆர். அம்பேத்கர் எழுதிய கடிதம். இந்தியாவில் தீண்டப்படாதோர் நிலைக்கும் அமெரிக்காவில் நீக்ரோக்கள் நிலைக்கும் உள்ள ஒற்றுமையால் பின்னதைப் படிப்பது தமக்கு அவசியமாகிறது என்று சொல்லி, ஐ.நா.வுக்கு அமெரிக்கக் கறுப்பினத்தவர் தயாரித்த மனுவின் பிரதிகளைக் கேட்கிறார். ஜூலை 31 அன்று டு பாய்ஸ் பதில் போடுகிறார். கேமராவைப் பார்க்காத நேரத்தில் அந்த மாதம் அவர் மேசையில் என்ன கிடந்தது என்பது இப்படித்தான் தெரிய வருகிறது. '1940கள்' என்று மட்டும் குறிப்பு இருந்திருந்தால் படமும் கடிதமும் பக்கத்தில் வந்திருக்காது.

வான் வெக்டனின் படங்களுக்கு ஒரு வேண்டுகோளும் கூடவே வருகிறது. ஓரத்தை வெட்டாதீர்கள், வண்ணம் பூசாதீர்கள், எடுத்தவர் பெயரைப் போடுங்கள் என்று அவருடைய உரிமைதாரர்கள் கேட்டிருப்பதைக் காங்கிரஸ் நூலகம் தெரிவிக்கிறது. இணையத்தில் தேடிப் பாருங்கள்: முகம் மட்டும் வட்டத்துக்குள் வெட்டப்பட்டு, எடுத்தவர் பெயர் இல்லாமல்.

1951, அப்புறம்

1951 பிப்ரவரியில், 83வது பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, டு பாய்ஸை வாஷிங்டன் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். சமாதானப் பிரசாரம் செய்த ஒரு மையத்தை நடத்தியதற்காக, வெளிநாட்டு முகவராகப் பதிவு செய்யவில்லை என்று குற்றச்சாட்டு. கைரேகை எடுத்தார்கள், கைவிலங்கு மாட்டினார்கள். நவம்பரில் வழக்கு தள்ளுபடி. வழக்கின்போது நீதிமன்றத்துக்கு வெளியே அவர் சக பிரதிவாதிகளோடு நிற்கும் படங்கள் உண்டு. கோட்டு, டை, அதே தாடி. போலீஸ் படத்தின் கட்டமைப்பை 51 வருஷத்துக்கு முன்னால் பாரிஸில் தலைகீழாக்கிக் காட்டியவர் இவர்.

1963 பிப்ரவரியில் கானாவில் 95வது பிறந்த நாளில் அதிபர் நுக்ருமாவோடு எடுத்த படங்களும் இருக்கின்றன. ஆய்வுக்கு அவை புதிதாக எதுவும் தரவில்லை.

குறிப்பு எழுதுவதென்றால்

பேட்டியின் படத்துக்கு நானே குறிப்பு எழுத வேண்டியிருந்தால் இப்படி எழுதுவேன்: 'டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ், மார்பளவு. எடுத்தவர் கார்னீலியஸ் மேரியன் பேட்டி. 1919ல் அல்லது அதற்கு முன். 1919 பதிப்புரிமை ஆண்டு. 1918 என்றும் குறிக்கப்படுகிறது.' நீளம்தான். அழைப்பிதழில் இடம் போதாது என்பார்கள். ஆனால் 'எடுத்த ஆண்டு' என்ற ஒற்றைக் கட்டத்தில் ஒற்றை எண்ணைப் போட்டாக வேண்டும் என்ற படிவம்தான் இத்தனை குழப்பத்துக்கும் மூலம். படிவத்தில் இரண்டு கட்டங்கள் வேண்டும்: எடுத்தது எப்போது, அந்தத் தேதி எங்கிருந்து வந்தது.

ஆல்பத்துப் படங்களுக்கு? அங்கே சதுர அடைப்பை யாரும் தம் இஷ்டத்துக்குத் திறந்துவிட முடியாது. ஒன்றிரண்டு தானாகத் திறந்திருக்கின்றன. பாரிஸுக்குப் போன படங்களில் ஒரு சிறுமியை அட்லாண்டா பல்கலைக்கழக மாணவி பாஸலின் எஸ்டெல் அஷர் என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். படம் எடுத்தபோது அவருக்குப் பதினாலு வயது இருக்கும். ஆல்பத்தைப் புரட்டியவர்களுக்கு அவர் ஜார்ஜியாவின் ஒரு மாதிரி. வளர்ந்து அட்லாண்டாவிலேயே ஆசிரியரானார், பள்ளிக் கல்வித் துறையில் பொறுப்பு வகித்தார், நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார். அந்த ஊரில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.